‘வேக்’ என்றால் விழிப்பா, இழவா, கப்பல் தடமா?

அரைவேக்காடு:
அயர்லாந்துக் கதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே அத்தியாயத்தில் ‘வேக்’ (wake) என்ற ஆங்கிலச் சொல் நான்கு தடவை. காலையில் ஒருவன் எழுந்திருக்கிறான், சரி. அப்புறம் ஊரே செத்தவர் வீட்டு ‘வேக்’குக்குப் போகிறது. படகுக்குப் பின்னால் ஒரு ‘வேக்’. போதாக்குறைக்கு ‘in the wake of the storm’ என்பதைக் கணினி மொழிபெயர்ப்பு ‘புயலின் விழிப்பில்’ என்று எழுதித் தருகிறது. எல்லாம் ஒரே சொல்தானா?

கார்க் நர்ஸ்:
இங்கே அயர்லாந்தில் செத்த வீட்டு வேக்குக்கு நான் போயிருக்கிறேன், கூட வேலை பார்க்கும் ஒருவரின் அப்பா இறந்தபோது. உடலை வீட்டுக் கூடத்திலேயே திறந்த பெட்டியில் வைத்திருந்தார்கள். கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒப்பாரி கிடையாது. டீ, சாண்ட்விச், இறந்தவர் அடித்த லூட்டிகள், நடுநடுவே சிரிப்பு. ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் உடலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். சிவராத்திரிக்குக் கண் முழிக்கிறோமே, அந்த முழிப்புதான்.

பழைய மாலுமி:
விழிப்பும் இழவும் ஒரே வேர். தமிழிலும் அப்படித்தானே? ‘காலையில் கண் விழித்தான்’, ‘பரீட்சைக்குக் கண் விழித்தான்’. படகு வேக் வேறு வம்சம். உறைந்த நீரில் விழும் திறப்பைக் குறித்த பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழி) சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள்.

கப்பலில் வேக் பார்த்தே ஆளை எடைபோடுவோம். வெள்ளைக்கோடு நேராகப் போனால் சுக்கான் பிடிப்பவன் கெட்டிக்காரன். பாம்பாக நெளிந்தால் புதுப் பையன். என் முதல் நாள் கோட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆள் கடலில் விழுந்தால் ‘வில்லியம்சன் திருப்பம்’ போடுவோம்: விழுந்த பக்கமே சுக்கானை முழுக்கத் திருப்பி, திசை 60 டிகிரி மாறியதும் எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். கப்பல் வட்டமடித்து, தான் வந்த தடத்துக்கே திரும்பிவிடும். அந்தத் தடம்தான் வேக். உங்கள் புயலும் இந்த வம்சம்தான். ‘புயலைத் தொடர்ந்து’ என்றோ ‘புயல் போன கையோடு’ என்றோ எழுதுங்கள்.

அரைவேக்காடு:
‘படகு கிழித்த தடம்’ என்று போட்டுவிட்டேன். செத்த வீட்டுக்கு ‘இழவு’ போதுமா?

கார்க் நர்ஸ்:
வேண்டாம். இழவு என்றால் வாசகர் மாரடிப்பை எதிர்பார்ப்பார். இவர்களோ சாண்ட்விச் தட்டை நீட்டுவார்கள். ‘வேக்’ என்றே விட்டு, முதல் தடவை மட்டும் ‘பிணத்தருகே கண் விழிக்கும் ராத்திரி’ என்று சேர்த்துவிடுங்கள்.