உதவி: 'இன் தி கிச்சன்' அட்ஜெக்டிவா, அட்வெர்பா?

கயல்22: நாளை காலை தேர்வு, அவசரம். 'இன் தி கிச்சன்' என்ற பிரிபோசிஷனல் ஃப்ரேஸ் அட்ஜெக்டிவா, அட்வெர்பா? நான் அட்வெர்ப் என்று எழுதினேன். ஆன்சர் கீயில் அட்ஜெக்டிவ் என்று இருக்கிறது.

திண்ணை: முழு வாக்கியம் எங்கே? மூன்று சொல்லை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஒற்றைப்பனை: வாக்கியமே வேண்டாம். பெயர்ச்சொல்லை ஒட்டி வந்தால் அட்ஜெக்டிவ், வினையை ஒட்டி வந்தால் அட்வெர்ப். 15 வருடமாக இப்படித்தான் சொல்லித்தருகிறேன்.

திண்ணை: 'ஹீ புட் தி கீ இன் தி டிராயர்' என்பதில் 'கீ'யை ஒட்டித்தானே வருகிறது? ஆனால் எங்கே வைத்தான் என்றல்லவா சொல்கிறது!

இலக்கணன்: எட்டாம் வகுப்புப் பாடம் இது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

கயல்22: மன்னிக்கவும். 'ஷீ பெயிண்டட் தி சேர் இன் தி கிச்சன்.'

மல்லி: இதற்கு இரண்டு பொருளும் வரும். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சமையலறையில் இருந்த நாற்காலிக்குப் பெயிண்ட் அடித்தாள்' என்றால் எந்த நாற்காலி என்று தெரிகிறது, அட்ஜெக்டிவ். 'நாற்காலிக்குச் சமையலறையில் வைத்துப் பெயிண்ட் அடித்தாள்' என்றால் அட்வெர்ப். நமக்கு 'இருந்த' என்ற பெயரெச்சம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது இல்லாமலே வேலை நடப்பதால்தான் குழப்பம். அப்புறம், 'இட்' போட்டுப் பாருங்கள். 'தி சேர் இன் தி கிச்சன்' முழுவதும் 'இட்'டுக்குள் அடங்கினால் அட்ஜெக்டிவ். 'ஷீ பெயிண்டட் இட் இன் தி கிச்சன்' என்று வெளியே நின்றால் அட்வெர்ப். இதற்கு முன்னால் வேறு வரி உண்டா?

இலக்கணன்: தமிழில் குழப்பமே இல்லை என்பது தவறு. நான்காம், ஏழாம் வேற்றுமைகள் பெயரோடும் முடியும், வினையோடும் முடியும் என்கிறது நன்னூல். 'காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்.' இதில் 'காய்ச்சலுக்கு' எதைத் தழுவுகிறது?

மல்லி: நான் 'இல்' உருபைப் பற்றித்தான் சொன்னேன். 'சமையலறையில் நாற்காலியைத் துடை' என்று யாரும் சொல்வதில்லை, 'சமையலறையில் இருக்கிற' என்போம்.

ஒற்றைப்பனை: 'ஊரில் திருவிழா' என்கிறோமே?

மல்லி: அது தனி வாக்கியம். 'நடக்கிறது' மறைந்திருக்கிறது.

திண்ணை: தேர்வு நாளைக்கு. கயல், முன் வரி?

கயல்22: இப்போதுதான் பார்த்தேன். 'தேர் வேர் டூ சேர்ஸ், ஒன் இன் தி கிச்சன் அண்ட் ஒன் இன் தி ஹால்.' சரி, எந்த நாற்காலி என்பதுதான் கேள்வி. புரிந்தது, நன்றி. படிக்கப் போகிறேன்.

இலக்கணன்: 'காய்ச்சலுக்கு' எதைத் தழுவுகிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.