புதுப்பிப்பு: யேலின் தாத்தா ஈட்டன் ஆனது எப்படி?

சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் வேர்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் அமைத்த நியூ ஹேவன் காலனியின் முதல் ஆளுநர் தியோஃபிலஸ் ஈட்டன் அவருக்குத் தாத்தா முறை என்றால், குடும்பப் பெயர் ஏன் யேல் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

விடை எலிஹுவின் பாட்டி ஆன் என்பவரிடம் இருக்கிறது. இவர் இங்கிலாந்தின் செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல் 1619இல் இறந்த பிறகு ஈட்டனை மணந்தார். 1637இல் இந்தக் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது யேல் பிள்ளைகளும் கூட வந்தார்கள். ஆக, ரத்த உறவு இல்லை. ஈட்டன் பாட்டியின் இரண்டாம் கணவர், அவ்வளவுதான்.

எனக்கு ஈட்டனைவிட இந்த ஆன்தான் சுவாரசியம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு என்று நம்பினார். அந்தச் சடங்கு நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஆளுநரின் மனைவி இப்படிச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? பாதிரியார் ஜான் டேவன்போர்ட்டின் சபை விசாரித்தது. மாமியாரைக் கன்னத்தில் அறைந்தது உட்பட வீட்டுச் சண்டைகளும் குற்றச்சாட்டில் சேர்ந்தன. கடைசியில் சபையை விட்டே விலக்கினார்கள். அந்த விசாரணைக் குறிப்புகள் இருப்பதால்தான் நமக்கு அவரை இவ்வளவு தெரிகிறது.

அப்புறம், ஆனின் மகனும் எலிஹுவின் அப்பாவுமான டேவிட் யேல் பாஸ்டனுக்குப் போனார். எலிஹு 1649இல் அங்கே பிறந்தார். மூன்று வயதில் இங்கிலாந்து போனவர் அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை. நியூ ஹேவனில் யேல் வம்சத்தைத் தொடர்ந்தவர் டேவிட்டின் சகோதரர் தாமஸ். அந்தக் கிளையை அடுத்துப் பார்க்கிறேன்.