குக்குலுச் செடி ஊருக்கு ஊர் வேறுபட்டு வளர்வது ஏன்?

கேள்வி (முள்வேலி):
குஜராத்தின் கட்ச் பகுதியிலும், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், ஆஜ்மீர் பகுதிகளிலும் மருந்துப் பிசின் தரும் குக்குலுச் செடிகளைப் பார்த்து வந்தேன். நம் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று தரும் சால மரப் பிசினை நான் சொல்லவில்லை. பாலைவனப் பாறைச் சரிவுகளில் முள்ளும் கோணலுமாக நிற்கும், மெல்லிய காகிதம்போல் பட்டை உரியும் கொமிபோரா வைட்டி என்ற அறிவியல் பெயருள்ள செடியையே குறிப்பிடுகிறேன். ஆஜ்மீர்ப் பக்கத்துச் செடிகள் உயரமாகவும் தூர் பருத்தும் இருந்தன. ஜெய்சல்மேர்ச் செடிகள் குட்டையாக இருந்தன. ஆஜ்மீர் வகையே மேலானது என்று முடிவுசெய்து அதிலிருந்து மட்டும் போத்து (நடுவதற்கு வெட்டும் கிளைத்துண்டு) எடுத்து நடலாமா?

மறுமொழி 1 (கரிசல்):
அவசரப்பட வேண்டாம். ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். ஆஜ்மீரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெய்யும். நீங்கள் கண்டது மழையின் வேறுபாடா, மண்ணின் வேறுபாடா, பரம்பரையின் வேறுபாடா என்பதைக் காட்டில் நின்றுகொண்டு பிரித்தறிய முடியாது. இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். பிசின் எடுப்போர் பருத்த செடியைத்தான் முதலில் கீறுவார்கள். ஆழமாகக் கீறி, பிசின் அதிகம் வடியவேண்டும் என்று காயத்தில் ரசாயனப் பசையும் தடவினால் அச்செடி பெரும்பாலும் பட்டுப்போகும். அப்படிச் சுரண்டப்பட்ட இடத்தில் எஞ்சி நிற்கும் குட்டைச் செடிகளை அளந்துவிட்டு, அவ்வூர் வகையே குட்டை என்று எழுதுவது நியாயமாகாது. எல்லா ஊர்ப் போத்துகளையும் ஒரே நிலத்தில் நட்டு, நிலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் செடி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்து, சில ஆண்டுகள் அளந்த பிறகே பேச இயலும்.

மறுமொழி 2 (நாற்றங்கால்):
கரிசல் சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் ஒரே நிலத்தில் நட்டாலும் போத்தே நம்மை ஏமாற்றக்கூடும். தடித்த போத்தில் சேமிப்பு மிகுதி என்பதால் அது முதலில் முந்தித் தழைக்கும். அதைப் பரம்பரைக் குணம் என்று நாம் எழுதிவிடுவோம். ஆகவே ஒரே பருமனும் நீளமும் உள்ள போத்துகளை மழை தொடங்கும் ஜூன், ஜூலையில் வெட்டி, முதலில் ஒரே நாற்றங்காலில் வளர்த்து, அச்செடிகளிலிருந்து மறுபடியும் போத்து எடுத்துச் சோதனை நடுவதே நல்லது. காலம் கூடும், ஆனால் வேறு வழியில்லை.

இச்செடியில் கருவுறுதல் இல்லாமலே, தாய்ச்செடியின் திசுவிலிருந்து விதைக்குள் கரு உருவாகும் வழக்கம் உண்டு. அத்தகைய நாற்று தாயின் நகலே. ஒரு குன்றில் முப்பது செடிகளிலிருந்து போத்து எடுத்தாலும், உண்மையில் இரண்டு மூன்று பரம்பரைகளை மட்டுமே எடுத்திருக்கக்கூடும். எனவே ஒரே குன்றில் நிறையச் செடிகளைச் சேகரிப்பதைவிட, பல குன்றுகளில் சில செடிகள் வீதம் சேகரிப்பதே பயன் தரும்.

மறுமொழி 3 (பட்டறிவு):
உயரத்தை ஏன் இவ்வளவு பார்க்கிறீர்கள்? பிசின் பட்டையிலுள்ள குழாய்களிலிருந்து வருகிறது. செடி கீறத் தகுந்த பருமன் அடையவே எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும்; வேகமாக உயர்ந்த செடி நிறையப் பிசின் தரும் என்பதற்கோ, அதில் பிசினின் மருந்துச் சத்தான குக்குல்ஸ்டீரோன் மிகுந்திருக்கும் என்பதற்கோ உறுதி இல்லை. தூர்ப் பருமன், கிளைகளின் எண்ணிக்கை, வறட்சியில் பிழைத்த செடிகளின் விகிதம் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். மிக அருகிய இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்ட செடியில், மெதுவாக வளர்கிறது என்பதற்காக ஒரு வகையைக் கைவிடுவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. ஜெய்சல்மேர்க் குட்டைச் செடி ஆஜ்மீரில் தோற்கலாம்; மழை பொய்த்த ஆண்டில் ஆஜ்மீர்ச் செடி ஜெய்சல்மேரில் என்ன ஆகும் என்பதையும் நட்டுப் பார்க்க வேண்டாமா?

முள்வேலி:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் ஒரே நிலம் போதாது, மூன்று ஊரிலும் நட வேண்டும் என்று புரிகிறது. இந்த ஆண்டு போத்துகளை நாற்றங்காலில் மட்டும் வைக்கிறேன்.