சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டிக்கு: திருப்பவும் நிறுத்தவும் எப்படிப் பழகினோம்

மதுரையிலிருந்து

மாமனாரும் மாமியாரும் எங்களோடு வந்து தங்கிய பிறகு வேகன் ஆர் போதவில்லை. பழைய இன்னோவா கிரிஸ்டா ஒன்றை வாங்கினோம். கணவருக்குப் பாதி நாள் வெளியூர் வேலை. ஆக ஆஸ்பத்திரி, கோயில், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றுக்கும் வண்டி எடுப்பது நான்தான். பெரிய வண்டி வாங்கிவிட்டு அதை எடுக்கத் தயங்கி ஆட்டோவில் போகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 2019 மாடல் வேகன் ஆர் 3655 மி.மீ. நீளம், 1620 மி.மீ. அகலம். கிரிஸ்டா 4735 நீளம், 1830 அகலம். அகலத்தில் கூடியது கிட்டத்தட்ட ஒரு ஜாண்தான். நீளத்திலோ ஒரு மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. சீட்டில் உட்கார்ந்ததும் பயமுறுத்துவது அகலம். உண்மையில் வேலை வாங்குவது நீளம், அதிலும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம். அது வேகன் ஆரில் 2435, கிரிஸ்டாவில் 2750.

இது எனக்குப் புரிந்தது என் பெரியப்பாவால். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில்தான் வீடு. "வண்டியை மைதானத்துக்குக் கொண்டு வா தாயி, கூடவே ரெண்டு தண்ணி கேனும் ஒரு விளக்குமாறும் எடுத்துட்டு வா" என்றார்.

முதல் பாடத்துக்கு எஞ்சினையே போட விடவில்லை. என்னை சீட்டில் உட்கார வைத்து, காலி கேனை வண்டிக்கு முன்னால் தூரத்தில் வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வண்டியை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தார். கேன் பானெட்டுக்குக் கீழே மறைந்ததும் கை தூக்கச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் பம்பருக்கும் கேனுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் கிடந்தது. இரண்டு விஷயம் அங்கேயே பிடிபட்டது. இடித்துவிடுவோம் என்று நான் நினைக்கும் இடத்தில் இன்னும் நிறைய இடம் பாக்கி இருக்கிறது. அதே சமயம் அந்த இடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் என் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இன்றைக்கும் வண்டியை எடுக்குமுன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். உங்கள் உயரம், சீட்டின் உயரம் இரண்டையும் பொறுத்து அந்த அளவு மாறும் என்பதால் கேனை நீங்களே வைத்துப் பாருங்கள்.

அடுத்தது இடது முன்சக்கரம். மைதானத்து மண்ணில் சாக்பீஸ் பொடியால் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் மேல் இடது சக்கரம் ஓடும்படி என்னை நிறுத்த வைத்தார். சீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு பானெட்டின் நடுவில் வந்து முட்டுவது போலத் தெரிந்தது. இடது ஓரத்தில் இல்லை, நடுவில்! இது தெரியாததால்தான் நம்மில் பலர் பெரிய வண்டியில் இடது பக்கம் இரண்டடி விட்டுவிட்டு, எதிரே வருகிறவருக்கு வழியில்லாமல் ரோட்டின் நடுவில் ஓட்டுகிறோம்.

அப்புறம்தான் பின்சக்கரம். விளக்குமாற்றை ஒரு கேனில் செருகி நிறுத்தி, அதைச் சுற்றி இடது பக்கம் முழுசாக ஒடித்துத் திரும்பச் சொன்னார். திரும்பி முடித்ததும் இறங்கி மண்ணைப் பார்க்கச் சொன்னார். முன்சக்கரத்தின் தடம் ஒரு வளைவாகப் போயிருந்தது. பின்சக்கரத்தின் தடம் அதைவிட உள்ளே, விளக்குமாற்றுப் பக்கம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி வெட்டிக்கொண்டு போயிருந்தது. முன்சக்கரம் தாராளமாகத் தாண்டிவிட்ட தூணை பின்கதவு ஏன் உரசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. "முன்சக்கரத்தை நீ ஓட்டுற. பின்சக்கரத்தை நீ நினைக்கணும்" என்றார் பெரியப்பா.

ஆகவே முனை திரும்பும்போது, முனை என் தோளுக்கு நேராக வரும்வரை நேரே போய்விட்டு அப்புறம்தான் ஒடிக்கிறேன். சின்ன வண்டியில் அதற்கு முன்பே ஒடித்துப் பழகிய கை இது. மாற்றிக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

ரிவர்ஸில் கணக்கு தலைகீழ். பின்பக்கம் சொன்ன இடத்துக்கு ஒழுங்காகப் போகும், மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். எல்லோரும் கேமராவிலேயே கண்ணை வைத்திருக்க, முன் பம்பரின் மூலை பக்கத்து வண்டியைத் தொட்டுவிடுகிறது. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்கள் எல்லாவற்றுக்கும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். நல்லதுதான். ஆனால் அது பின்னால் இருப்பதைத்தான் சொல்லும். தாழ்வான கல்லையும் மெல்லிய இரும்புக் கம்பியையும் சில சமயம் சொல்லாமலே விட்டுவிடும். மழையில் கேமராவின் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். நான் இடது பக்கக் கண்ணாடியைப் பின்சக்கரம் தெரிகிற அளவு கீழ்நோக்கித் திருப்பி வைத்துத்தான் ரிவர்ஸ் எடுக்கிறேன். அந்தக் கண்ணாடி குவிந்தது. அதில் தெரிவதைவிடப் பொருள் பக்கத்தில் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எங்கள் சந்து பன்னிரண்டு அடி. கேட் பத்தடி. இரு பக்கமும் சாக்கடை மேல் போட்ட சிலாப்புகள். ஏறக்குறைய 1.8 டன் வண்டியின் சக்கரம் விரிசல் விட்ட சிலாப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் எந்த சிலாப் தாங்கும், எது தாங்காது என்று நடந்து பார்த்து வைத்திருக்கிறேன். எதிர்ச் சுவரை ஒட்டி வந்து கேட்டைத் தாண்டுவேன். கேட்டின் தூண் பின்கதவுக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்ததும் நின்று, முழுசாக ஒடித்து, கிளட்சை மெல்ல விட்டு ரிவர்ஸில் வருவேன். டீசல் வண்டி என்பதால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம், கிளட்சிலேயே ஊர்ந்து வரும். பாதியில் நின்று முன்னும் பின்னும் எடுத்துச் சரி செய்துதான் உள்ளே போக முடியும். ஒரே மூச்சில் நுழைத்தால்தான் ஓட்டத் தெரிந்தவள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு அடிச் சந்தில் பேருந்துக்காரரான பெரியப்பாவே முன்னும் பின்னும் எடுத்துத்தான் நுழைப்பார். பின்னால் பைக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவருக்கு அரை நிமிடம், நமக்கு ஒரு கதவு.

சென்னையிலிருந்து

மேலே எழுதிய அக்காவின் மண் தடம் விளக்கத்தைப் படித்துவிட்டு என் தங்கைக்கும் அனுப்பிவிட்டேன். எனக்குப் பிரச்சினை தெருவில் இல்லை, அடுக்ககத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கில். எனக்கு ஒதுக்கிய கட்டம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். வண்டி எக்ஸ்யூவி 700. அகலம் 1890 மி.மீ., கண்ணாடிகளைச் சேர்க்காமல். நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஓர் அடிதான் மிஞ்சும். ஓர் அடியில் கதவைத் திறந்து இறங்குவது நடக்காத காரியம்.

எனவே நான் நடுவில் நிறுத்துவதே இல்லை. இடது பக்கம் தூண். அந்தப் பக்கம் ஒட்டி நிறுத்திவிட்டு, மிஞ்சுவதை எல்லாம் என் கதவுப் பக்கம் வைத்துக்கொள்கிறேன். அம்மாவையும் குழந்தையையும் வெளியிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். தூணை ஒட்டிப் போவதால் கண்ணாடியை மடக்கிவிடலாம் என்று தோன்றும். மடக்காதீர்கள். தூணுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிற ஒரே சாட்சி அதுதான்.

எப்போதும் ரிவர்ஸில்தான் உள்ளே போகிறேன். திரும்புகிற சக்கரம் முன்னால் இருக்கிறது. பின்பக்கத்தை முதலில் கட்டத்துக்குள் விட்டுவிட்டால், மூக்கை இப்படி அப்படி அசைக்க வெளியே இடம் கிடைக்கிறது. மூக்கை முதலில் விட்டால் அக்கா சொன்ன பின்சக்கரம் உள்ளே வெட்டி நேராகத் தூணுக்கு வரும். இன்னொன்று, தொண்ணூறு டிகிரியில் நின்றுகொண்டு முழுசாக ஒடித்துப் போராடுவதைவிட, கட்டத்தைத் தாண்டும்போதே மூக்கை எதிர்ப்பக்கம் சாய்த்து நிறுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். டிக்கி ஏற்கெனவே கட்டத்தைப் பார்த்தபடி இருக்கும்.

பின்சுவருக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு தரையில் ரப்பர் தடுப்பு ஒன்று பதித்தேன். சக்கரம் அதில் முட்டும்போது டிக்கி கதவு மேலே தூக்க இடம் இருக்கும்படி அளந்து பதிக்க வேண்டும். பம்பர் சுவரைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனுஷர். நான் ரிவர்ஸ் எடுத்தால் ஓடி வந்து "வா சார், வா, வா" என்பார். எதிர்வீட்டு மாமாவும் மாடியிலிருந்து "ரைட்ல ஒடி" என்பார். இரண்டு குரல் கேட்டால் கை எதையுமே கேட்காது. ஒரு நாள் அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன். "அண்ணே, நீங்க மட்டும் சொல்லுங்க. என் கண்ணாடியில் உங்க முகம் தெரியற மாதிரி நில்லுங்க. கையை உயர்த்தினா நான் நின்னுடறேன். எந்தப் பக்கம் ஒடிக்கணும்ங்கறதை நான் பாத்துக்கறேன்." அன்றிலிருந்து அவர் தூரத்தை மட்டும் சொல்கிறார். வழிகாட்டும் ஆளைக் கண்ணாடியில் காணவில்லை என்றால் உடனே பிரேக், அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி நகர்வது. இந்த விஷயத்தில் சங்கடமே படக்கூடாது.

ஒரு கேள்வி. இந்த வண்டியோடு வால்பாறை போகலாம் என்று வீட்டில் ஆசை. மலையில் இந்த நீளத்தை எப்படித் திருப்புவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து

தாராளமாக வாங்க தம்பி. ஆழியாறிலிருந்து ஏறினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை இருக்கும். நான் ஸ்கார்பியோ 'என்' ஓட்டுகிறேன், அகலம் 1917 மி.மீ. ரோடு தாங்கும். பொறுமைதான் வேண்டும்.

முக்கியமானது பஸ். அரசுப் பேருந்து வளைவில் திரும்பும்போது முழு ரோடும் அதற்கு வேண்டும், உங்கள் பக்கமும் சேர்த்து. அக்கா சொன்ன அதே பின்சக்கரக் கணக்குதான், பஸ்ஸில் இன்னும் பல மடங்கு. எனவே மேலோ கீழோ பஸ் தெரிந்தால் வளைவுக்குள் நுழையாதீர்கள். வளைவுக்கு ஐம்பதடி முன்பே ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். வளைவுக்குள் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸில் சரிவில் இறங்க வேண்டி வரும். புதிதாக வருகிறவருக்கு அது வேண்டாம்.

ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்பது விதியாகவே இருக்கிறது. 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகளில் அது உண்டு. ஆனால் எதிரே வருகிறவர் வெளியூர்க்காரராக இருந்தால் அது அவருக்குத் தெரியும் என்று நம்பி நுழையாதீர்கள்.

இடது பக்க வளைவில் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் அகலமாகப் போய்த் திரும்பினால்தான் இடது பின்சக்கரம் பள்ளத்தில் இறங்காது. அப்படி அகலமாகப் போகுமுன் ஹாரன் அடித்து, எதிரே ஆளில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள், வளைவுக்குள் கை ஸ்டீயரிங்கில் மட்டும் இருக்கட்டும். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறுகிற சரிவில் நிறுத்தினால் முதல் கியரிலும், இறங்குகிற சரிவில் நிறுத்தினால் ரிவர்ஸ் கியரிலும் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'-யில் போட்டு ஹேண்ட் பிரேக்.

மூன்றாவது வரிசையில் ஆட்கள் உட்கார்ந்தால் உள்கண்ணாடியில் தலைகள்தான் தெரியும். கவலை வேண்டாம், லோடு ஏற்றிய லாரிக்காரர் வெளிக்கண்ணாடி இரண்டை வைத்துத்தான் ஊர் ஊராகப் போகிறார். கிளம்புமுன் அந்த இரண்டையும் துடைத்துச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு கூட்டம் அதிகம். முதல் தடவை வார நாளில், காலையில் வெளிச்சம் வந்ததும் ஏறுங்கள்.