நொட்டை வேறு, புலம்பல் வேறு

மதுரை அத்தை: வளைகாப்பு நல்லபடியாக நடந்தது, சந்தோஷம். பந்தி மாடியில் வைத்திருந்ததால் மூட்டுவலியோடு ஏறி இறங்கி, இன்னும் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை, அதான் நம் குடும்பக் குழுவில் எழுதுகிறேன்.

தம்பி: அத்தை, எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒரு நொட்டை சொல்லிடுறீங்க 😀

சித்தப்பா: டேய், அந்த வார்த்தை இங்கே பொருந்தாது. அப்பளம் ஓரத்தில் நொறுங்கியிருந்தது, தாம்பூலப் பையில் தேங்காய் சின்னது என்று, நன்றாக நடந்த விசேஷத்தில் துருவித் துருவிக் குறை தேடுவதுதான் நொட்டை. நொட்டை என்றாலும் நொள்ளை என்றாலும் குறைதான், அதனால்தான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

அண்ணி: எங்கள் வீட்டில் நொரநாட்டியம் என்போம் மாமா.

சித்தப்பா: அதுவும் பக்கத்தில் வரும்மா. ஆனால் அதில் எனக்கு இது ஆகாது, அது ஆகாது என்கிற பிகுவும் சேர்ந்திருக்கும்.

நான்: இன்னொன்று பாருங்கள், "நான் நொட்டை சொல்கிறேன்" என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்தவர் வாயை அடைக்கத்தான் அந்தச் சொல் வெளியே வருகிறது. "கொஞ்சம் புலம்பிக்கிறேன்" என்பதை மட்டும் நாமே சொல்லிக்கொள்வோம்.

சித்தப்பா: சரியாகச் சொன்னாய். அத்தை செய்தது புலம்பல். தொல்காப்பியத்தில் உரியியலில் "புலம்பே தனிமை" என்றே இருக்கிறது. சங்கப் பாட்டிலும் புலம்பு என்றால் தனிமை, தனித்திருப்பவரின் வருத்தம். வாய்விட்டுச் சொல்லி ஆற்றிக்கொள்வது என்பதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். வயதானவர் வலிக்கிறது என்று சொல்லும்போது நொட்டை என்று தள்ளிவிட்டால், அடுத்த தடவை விழுந்து கிடந்தால்கூட நம்மிடம் சொல்ல மாட்டார்கள், அந்தப் பயம்தான் எனக்கு.

தம்பி: சரி சித்தப்பா. அத்தை, தைலம் இருக்கா? சாயங்காலம் போன் பண்றேன்.

மதுரை அத்தை: இருக்கு கண்ணு. பெயர் சூட்டு விழாவுக்காவது பந்தி கீழேயே இருக்கிற மண்டபமாகப் பாருங்கள். என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் படி ஏற முடியாமல், மோரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

அண்ணி: ஐயோ, இதை யாருமே எங்களிடம் சொல்லவில்லையே அத்தை. பெயர் சூட்டு விழாவுக்குப் பார்த்திருக்கும் மண்டபத்துக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை, வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன்.