மழை பெய்தால் காருக்குள் கால்மாட்டில் தண்ணீர்: எந்த வழியாக வருகிறது?

கேள்வி:
எட்டு ஆண்டுகளாக ஓடும் என் காரில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் மழை பெய்த போதெல்லாம் கார்ப்பெட் நனைந்துவிடுகிறது. கையால் தொட்டால் ஈரம் அவ்வளவாகத் தெரிவதில்லை. காலால் அழுத்தினால் அடியிலுள்ள பஞ்சிலிருந்து தண்ணீர் மேலே வருகிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைப் புதிதாக மாற்றினேன், முன்கண்ணாடியின் விளிம்பு முழுவதும் சிலிக்கான் பூசினேன், இரண்டாலும் பயனில்லை. சன்ரூஃப் கிடையாது. அடுத்து எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
சிலிக்கானை ஓரமாக வைத்துவிட்டு, வந்திருப்பது எந்தத் தண்ணீர் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மழையே இல்லாத நாள்களிலும் ஏசி ஓடிய பின் கால்மாடு நனைந்து, காருக்கு அடியில் வழக்கமாகச் சொட்டும் நீரும் சொட்டாமல் இருந்தால், ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். பிசுபிசுப்பும் இனிப்பு கலந்த வாடையும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். நச்சுத்தன்மை உடையது என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. உங்களுக்கு மழையன்று மட்டுமே நனைவதால் இவை இரண்டும் அல்ல என்றே நினைக்கிறேன். வைப்பருக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்குள்ள வடிகால் துளைகளைச் சருகு அடைத்தால், தேங்கும் நீர் ஏசிக்குக் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே வரும். அந்தக் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரும் நனைந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பதில் 2:
அதையும் பாருங்கள், ஆனால் என் ஐயம் கதவின் மேல்தான். அந்தக் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடை எப்போதாவது யாராவது கழற்றினார்களா? கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது குறையல்ல. அடி விளிம்பிலுள்ள துளைகள் வழியே அது வெளியேறிவிடும். அந்த நீர் டோர் பேடின் பக்கம் வராமல் தடுப்பது, அதற்குப் பின்னால் பிசினால் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றுதான். பவர் விண்டோவையோ ஸ்பீக்கரையோ பழுது பார்ப்பவர்கள் அதைக் கிழித்துவிடுவதும், அரைகுறையாக ஒட்டிவிட்டுப் போவதும் மிகச் சாதாரணம். அங்கிருந்து வரும் நீர் பீடிங்குக்கு உட்புறமாகவே விழுவதால், பீடிங்கை எத்தனை முறை மாற்றினாலும் கசிவு நிற்காது.

சோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர, மற்றவர் குழாய்த் தண்ணீரை வேகமில்லாமல், கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் விளங்காது.

கேட்டவர்:
சென்ற ஆண்டு அந்தக் கதவின் பவர் விண்டோ மோட்டாரை மாற்றியது, இதைப் படித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வைப்பருக்கு அடியில் ஒரு கைப்பிடிச் சருகு கிடந்தாலும் ஃபில்டர் உலர்ந்தே இருந்தது. டோர் பேடைக் கழற்றிக் கண்ணாடி மேல் தண்ணீர் விட்டபோது, தாளின் கீழ் மூலை ஒட்டாமல் தொங்குவதும், அங்கிருந்து நீர் நூல்போல் உட்புறம் இறங்குவதும் தெரிந்தன. பழைய பிசின் மேலேயே அழுத்தி ஒட்டினால் போதுமா?

பதில் 2:
போதாது. தூசி படிந்த பிசின் மறுபடி பிடிக்காது. அதை முழுவதும் சுரண்டித் துடைத்துவிட்டு, பியூட்டில் டேப் எனும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையை இடைவெளியின்றிச் சுற்றிலும் ஒட்டுங்கள். இங்கும் சிலிக்கான் வேண்டாம்; புளிப்பு வாடை அடிக்கும் வகை உலோகத்தையே அரிக்கும்.

பதில் 3:
கசிவு நின்றாலும் அந்தப் பஞ்சு எளிதில் உலராது. இருக்கையைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கித்தான் ஆக வேண்டும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது என்பதால், பேட்டரியைத் துண்டித்துச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே அதில் கை வையுங்கள். எல்லாம் உலர்ந்ததும், கார்ப்பெட்டைப் போடாமல் வெறும் தகட்டின் மேல் செய்தித்தாளை விரித்து, அடுத்த மழை வரை அப்படியே ஓட்டுங்கள். தாளில் ஈரக் கறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், வேறு வழி ஏதும் மிச்சமிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.