வீட்டில் கட்டிய ரிகம்பன்ட்டுக்கு (சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிள்) சீட் பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா?

வளைந்தபலகை:
ஃபிரேமை ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன், சீட்டோடுதான் ஒரு மாதம் மல்லுக்கட்டு. பிளைவுட்டை வளைத்து ஒட்டிய சீட், நான்கு போல்ட். முதல் மேட்டில் கியரைக் குறைக்காமல் அழுத்தி மிதித்தேன். 'டக்'. அப்புறம் வானம். பின்பக்க போல்ட் தலை இரண்டும் பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தன. கால் மட்டும் இன்னும் பெடலில். சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று மிதிப்போம், இதில் அவ்வளவு விசையும் முதுகு வழியாக சீட்டில்தான் இறங்கும். தெரியும். தெரிந்தும் சின்ன வாஷர் போட்டேன் பாருங்கள்!

பிசின்கை:
எனக்கு உடையவில்லை, அதைவிட மோசம். தரையில் கால் நீட்டிப் படுத்து முதுகுக்கு அச்செடுத்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் ஷெல் செய்தேன். அவ்வளவு அழகு. வண்டியில் ஏற்றிக் காலைப் பெடலில் தூக்கி வைத்ததும் இடுப்பு பின்னால் உருண்டுவிட்டது. இடுப்புக் குழிக்கென்று விட்ட மேடு விலாவுக்குக் கீழே குத்துகிறது. ஷெல் இப்போது பரணில்.

நாடாக்காரன்:
இரண்டு பேரும் கடினமான சீட்டையே கட்டி அழுகிறீர்கள். குழாய்ச் சட்டத்தில் வலையைக் கட்டினால் உடம்பு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும், முதுகும் வேர்க்காது. நான் கட்டினேன், ஓடுகிறது, சொல்ல வேறு கதை இல்லை. ஆனால் ஒன்று, சாய்வைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தி வைத்தால் எடை முழுக்கப் புட்டத்தில் ஏறி வலிக்கும். ரொம்பச் சாய்த்தால் தலைக்கு அணை வேண்டும், இல்லையென்றால் கழுத்து போய்விடும். பெடல் சீட்டைவிட மிக உயரமாக இருந்தால் சிலருக்குக் கால்விரல் மரத்துப்போகும். சட்டத்தில் ஓட்டை போடாமல் கிளாம்ப் போட்டு, முதலில் முன்பின் நகர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் நிரந்தரமாக்குங்கள். 1933இல் பிரெஞ்சு சைக்கிள் வீரர் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. தாண்டியதும் இந்த வகை வண்டியில்தான். மறு வருஷமே பந்தயத்திலிருந்து ஒதுக்கிவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

வளைந்தபலகை:
அண்ணே, நான் கேட்டது அனுபவம். பலகையில் தப்பில்லை, வாஷரில்தான் தப்பு. அகல வாஷரும் அடியில் ஒரு அலுமினியத் தகடும் போட்டு அதே சீட்டில்தான் ஓட்டுகிறேன்.

முழங்கால்:
வலையும் ஒன்றும் சாமி இல்லை. பத்து நாளில் தொய்ந்து என்னை இரண்டு விரற்கடை பின்னால் இழுத்துவிட்டது. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு பிடித்து, இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி அவ்வளவு தாழ்வு, வந்த நாய் ஒன்று நேருக்கு நேர் முகத்தை நக்கிவிட்டுப் போனது.